உப்பு ஜாடிக்குப் பின்னால் வந்த வீடு

ஆடிப்பெருக்கு கழிந்த மறுநாள் காலையில், திருப்பூரில் அந்த லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வரும் முறைநாள் என்பதால் குடங்களோடு எழுந்துவந்த பெண்கள் எல்லோரும், பக்கத்துக் காலி இடத்தில், பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணி மலைபோல் குவிந்து கிடக்கும் அதே இடத்தில், ஓர் ஓட்டு வீடு நிற்பதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, யார் குடம் முதலில் என்ற வழக்கைப் பேசித் தீர்த்து, தண்ணீரையும் பிடித்து முடித்த பிறகுதான் "அது யாரு வீடு?" என்று கேட்டார்கள்.

மாரிக்கனி கடைசிக் குடத்தை இடுப்பில் ஏற்றும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நீலச் சாயம் அடித்த கதவு, முக்கால் கதவோடு சாயம் நின்றுபோயிருந்தது. அப்படி நின்றுபோகக் காரணம் அவள் புருஷன் சௌந்தரபாண்டிதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே டப்பா போதும் என்று அடம்பிடித்து வாங்கிவந்து, டப்பா தீர்ந்ததும் மிச்சக் கதவைப் பார்த்து மாப்பிள்ளைக் கோலத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன்.

"எங்க வீடு," என்றாள் மாரிக்கனி. "விளாத்திகுளம் பக்கம் சின்னக்கரிசல். பூட்டிப்போட்டுட்டு வந்தோம்."

"பூட்டோடதான் வந்திருக்கு," என்றாள் பக்கத்து வீட்டு வளர்மதி, ஆறு மாதக் கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபடி. "சாவி இருக்காக்கா?"

சாவி இருந்தது. மாரிக்கனி எதையும் தொலைக்கிறவள் இல்லை, எதையும் தூர எறிகிறவளும் இல்லை. கதை முழுக்க அந்தக் குணத்தால் வந்ததுதான்.

லைன் வீடுகளின் சொந்தக்காரி தெய்வாத்தாள் செய்தி கேள்விப்பட்டு, பல் விளக்கிய கையோடு வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனம்மணி, சொல்லாமக் கொள்ளாம வந்துருச்சாக்கும்?"

"எங்ககிட்டயும் சொல்லலைங்கக்கா."

"சரி, வந்தது வந்துருச்சு. இருந்துட்டுப் போகட்டும். ஆனா தெக்க பாத்துட்டு நிக்குது பாரு. என்ற எடத்துல தெக்குவாசல் ஆகாது கண்ணு, கொஞ்சம் கெழக்க திரும்பிக்கச் சொல்லு."

மாரிக்கனி சுவரில் கைவைத்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவள் திரும்பிவந்தபோது வீடு கிழக்கே பார்த்து நின்றது. அது திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. மேய்கிற மாடு நடப்பதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும், அவ்வளவுதான். வீடும் அப்படித்தான் நடந்தது.

கதவைத் திறந்தால் உள்ளே ஒரே சின்ன வெங்காய வாசம். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது யாரோ விவசாயி, விலை ஏறட்டும் என்று மூட்டைகளைப் பின்பக்கத்து அடுப்படிக் கதவு வழியாக அதற்குள் அடுக்கி வைத்திருந்தானாம். ஓட்டை ஜன்னல் வழியாக ஏறிய தாராபுரத்துக் கோழி ஒன்று பரணில் அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கச் சுவரில் யாரோ பெரிய எழுத்தில் 'திருமண மண்டபம் செல்லும் வழி' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள், அதை நம்பி ஆவணி முகூர்த்த நாள்களில் மொய்ப் பாத்திரமும் கையுமாகச் சிலர் லைன் வீட்டுச் சந்துக்குள் வந்து, குழாயடியில் வழி கேட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, "எப்ப கட்டுனது?" என்றார். "எங்க மாமனார் காலத்துல." "இங்கேயா?" "அங்க." அவர் யோசித்து, கதவு நம்பரை லைனின் கடைசி வீட்டோடு சேர்த்து ஒரு 'அ' போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். தேர்தல் நேரத்தில் இப்படி எத்தனையோ பார்த்திருப்பார்.

மாரிக்கனி ஊரில் இருக்கும் நாத்தனார் பொன்னுத்தாய்க்கு ஃபோன் போட்டாள்.

"மதினி, நானே சொல்லணும்னுதான் இருந்தேன், வீட்டைக் காணோம்னு. நீங்க ஃபோன் பண்றப்பெல்லாம் வேற பேச்சு வந்துருது."

"எப்ப இருந்து காணோம்?"

"நீங்க திருப்பூருக்குப் போன மறுமாசத்துல இருந்து."

எட்டு வருஷம். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் வந்து, பொன்னுத்தாய் வீட்டில் இறங்கி, அங்கேயே சாப்பிட்டு, மறுநாள் பஸ்ஸுக்கே கிளம்பிய எட்டு வருஷத்தில், தெருக்கடைசி வரை போய்த் தன் வீடு நிற்கிறதா என்று பார்க்க மாரிக்கனிக்கு ஒரு தடவைகூட நேரம் வாய்த்ததில்லை.

"மதினி, ஒண்ணு கேக்கேன். திருப்பூர்ல பால் காய்ச்சுறப்ப உப்பு மஞ்சள் எங்க வாங்குனீங்க?"

"எங்க வாங்க? நம்ம அடுப்படியில இருந்த ஜாடியத்தான் தூக்கிட்டு வந்தேன். முக்கால் ஜாடி கல்லுப்பு, தூரவா கொட்ட முடியும்?"

"சரியாப் போச்சு. புது வீட்டுக்குக் கடை உப்புதான மதினி கொண்டு போவாங்க. இருந்த உப்பைத் தூக்கிட்டுப் போனா வீடு என்ன நெனைக்கும், நம்மளையும்தான் கூப்பிடுதாகன்னு பொறப்படாதா?"

அந்த ஜாடியை மாரிக்கனி இன்றுவரை காலியாக்கிக் கழுவியதில்லை. பாதியாகும்போது மேலே புது உப்பைக் கொட்டிக்கொள்வாள். அடியில் சின்னக்கரிசல் உப்பு அப்படியே கிடந்தது. அதன் பின்னால்தான் வீடு, மழைக்கு ஒதுங்கி, வெயிலுக்கு ஒதுங்கி, வெங்காயத்துக்குக் காவல் இருந்து, எட்டு வருஷம் நடந்து வந்திருக்கிறது.

ஃபோனை வைக்கும் முன்னால் பொன்னுத்தாய் இன்னொன்றும் சொன்னாள். சின்னக்கரிசல் மெயின் ரோட்டில் மூடிக் கிடந்த நூல் மில்லை யாரோ எடுத்து டி-ஷர்ட் தைக்கும் கம்பெனி ஆக்கியிருக்கிறார்கள், சுற்றுப்பட்டுப் பெண்கள் எல்லாம் அங்கேதான் போகிறார்கள், திருப்பூரில் தையல் மெஷின் லைனைப் பார்த்த ஒரு ஆள் சூப்பர்வைசராக வேண்டுமாம், விநாயகர் சதுர்த்திக்குள் சொல்லவேண்டுமாம். "நான் உங்க பேரைச் சொல்லிட்டேன் மதினி. கோவிச்சுக்காதீங்க."

அன்றிலிருந்து மாரிக்கனிக்குக் கை ஒரு பக்கமும் கணக்கு ஒரு பக்கமுமாக ஓடியது. அவள் வேலை பார்த்த கம்பெனியில் முன்வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே உள்ள மெஷின் அவளுடையது. கதவோரத்து மெஷினில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையாக முன்னேறி, எட்டு வருஷத்தில் பிடித்த காற்று அது, விட்டுப்போனால் மறுநாளே வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள், திரும்பி வந்தால் கதவோரம்தான். ஆனால் அந்த ஃபேனுக்கு அப்புறம் வரிசை கிடையாது. காலர் வைக்க அவளிடம் கற்றுக்கொண்ட பையன்கள் ஒவ்வொருவராகச் சூப்பர்வைசர் ஆகி, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று "சீக்கிரம் சீக்கிரம்" என்றார்கள்.

சௌந்தரபாண்டி வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"அந்த மில்லைப் பத்தி எனக்குத் தெரியாதா? நூல்னாங்க, மூடுச்சு. தீப்பெட்டின்னாங்க, மூடுச்சு. இப்ப பனியனாம்."

"இங்க மட்டும் என்ன? ஆர்டர் இல்லைன்னு போன வருஷம் பாதி நாள் வீட்டுல உக்காந்து தாயம் விளையாடுனோமே."

"அதை விடு. எனக்கு அங்க என்ன வேலை? நம்மூருல துணியக் காயப்போட்டா வெயிலே தேச்சுக் குடுத்துரும்."

மாரிக்கனிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி என்பதால் சிரிப்பு பாதியில் நின்றது, அந்தக் கதவுச் சாயம் மாதிரி.

இதற்கிடையில் வந்து நின்ற வீடு சும்மா நிற்கவில்லை. மாரிக்கனியின் மகள் தர்ஷிகாவுக்கு மூன்று வயது. அதுவரை அவள் அம்மாவோடு கம்பெனிக்குப் போய், மெஷினுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் வெட்டுத்துணி மேல் உட்கார்ந்து நாளைக் கழித்தவள், வெளிநாட்டு ஆள்கள் கம்பெனியைப் பார்க்க வரும் நாள்களில் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்பதால் மாரிக்கனி சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போடுவாள். இப்போது வளர்மதி, பகலில் தகரக் கூரையின் சூடு தாங்காமல் தன் கைக்குழந்தையோடு ஓட்டு வீட்டுக்குள் போய் உட்கார, "நீ சும்மாத்தான இருக்க, இவளையும் பாத்துக்க" என்று மாரிக்கனி தர்ஷிகாவை விட, அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி விட, பின் தெருக்காரிகளும் விட, ஆவணி பிறப்பதற்குள் முன்னறை முழுக்கப் பிள்ளைகள்.

பிள்ளை வளர்ப்பதில் வீட்டுக்கு எங்கேயோ நல்ல பழக்கம் இருந்தது. தவழ்கிற குழந்தை வாசலுக்குப் போனால் வாசற்படி ஒரு சாண் உயரும். பெரியவர்கள் தாண்டும்போது தாழ்ந்துகொள்ளும். உத்தரத்தில் தொட்டில் கட்டினால், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிற மாதிரி வீடு மெல்ல அசைந்து கொடுக்கும், ஆட்ட ஆளே வேண்டாம். ஓட்டுச் சந்துகளின் வழியாக விழும் வெயில் வட்டங்களை அது தரையெல்லாம் ஓடவிட, பிள்ளைகள் அவற்றைப் பிடிக்கத் துரத்திக் களைத்து, சோறு கேட்டுத் தின்றுவிட்டுத் தூங்கின. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும் தாய்மார்கள் வளர்மதிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாரக் கூலி கொடுத்தார்கள். லாரிக்குப் போகும் புருஷன் வரும் நாளையே பார்த்துப் பார்த்து அரிசி வாங்கிக்கொண்டிருந்த பேராவூரணிக்காரி வளர்மதி, முதல் தடவையாகத் தானாகப் போய்த் தனக்கு ஒரு புடவை எடுத்தாள். "கலர் எப்படிக்கா?" என்று லைன் முழுக்கக் கேட்டாள், எல்லோரும் நல்லா இருக்கு என்று சொன்ன பிறகும் கேட்டாள்.

சதுர்த்திக்கு முந்தின சனிக்கிழமை மாரிக்கனி லீவு போட்டுவிட்டு, ஜாடியை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் அந்தக் கம்பெனியைப் பார்த்தாள். பார்ப்பது என்றால் பெண் பார்க்கிற மாதிரி அல்ல, சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி. முதலில் கக்கூஸைத் திறந்து பார்த்தாள். குடிதண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தைத்து முடித்த டி-ஷர்ட் ஒன்றை உள்பக்கம் திருப்பித் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். மெஷின் எல்லாம் புதுசு, ஆர்டர் ஒரு வருஷத்துக்கு இருக்கிறது என்றான் மேனேஜர் ஜெபராஜ், தூத்துக்குடிப் பையன், மீசை இப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. அவள் மதியம் வரை ஒரு ஓரத்தில் நின்று லைனைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், "தம்பி அழுதானா? தண்ணித் தொட்டிப் பக்கம் போனானா?" என்று கேட்டார்கள். நாலைந்து பேர் அப்படியே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"பாருங்கக்கா, இதான்," என்றான் ஜெபராஜ். "ரெண்டு சூப்பர்வைசர் வந்து போயாச்சு. லைன் நிக்கவே மாட்டேங்குது."

"பிள்ளைக அங்க தனியா நின்னா லைன் இங்க எப்படித் தம்பி நிக்கும்?"

"பிள்ளைகளைப் பாத்துக்க ஒரு இடம் கட்டணும்னு ஓனர்கிட்ட கேட்டிருக்கேன். அடுத்த வருஷம்னு சொல்றாரு."

"கட்ட வேண்டாம். நான் வேலைக்கு வந்தா எனக்குப் பின்னால ஒரு வீடு வரும். கேட்டுக்குப் பக்கத்துல அந்த வேலிக்கருவையை மட்டும் வெட்டிச் சுத்தம் பண்ணி வைங்க."

ஜெபராஜ் அந்தக் கருவேலங்காட்டைப் பார்த்து, தலையை ஆட்டி, "நீளம் அகலம் எவ்வளவுக்கா?" என்றான். வேலை தெரிந்த பையன்தான் என்று மாரிக்கனி முடிவுசெய்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அயர்ன் மாஸ்டர்."

"அயர்ன், பேக்கிங் எல்லாம் தூத்துக்குடியிலக்கா. இங்க தையல் மட்டும்தான்."

திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையேதான் மென்றுகொண்டு வந்தாள். ஒருத்தருக்கு மட்டும் வேலை இருக்கிற ஊருக்குப் போய், அந்த ஒருத்தியும் பெண்பிள்ளை என்றால், சௌந்தரபாண்டி டீக்கடையில் எந்தப் பெஞ்சில் போய் உட்காருவான்? மில் மறுபடி மூடினால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவோரத்து மெஷினுக்குத் திரும்பி வரும்போது அந்தப் பையன்கள் என்ன சிரிப்புச் சிரிப்பார்கள்? இதெல்லாம் தெரிந்தும், லைனுக்கு முன்னால் தானே நிற்பதை நினைத்தால் மட்டும் பஸ் கொஞ்சம் வேகமாகப் போகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப எனக்கு வேலை இல்ல."

"இப்போதைக்கு இல்ல."

"இப்போதைக்குன்னா?"

"எட்டு வருஷம் உங்க அயர்ன் பெட்டிக்குப் பின்னால வந்தேன்ல. ஒரு ஆறு மாசம் என் கத்திரிக்கோலுக்குப் பின்னால வாங்க. சரிப்படலைன்னா நானே மூட்டையக் கட்டுறேன்."

சௌந்தரபாண்டி எழுந்து, தேய்த்த சட்டையையே மறுபடி எடுத்துத் தேய்த்தான். அவனுக்கு யோசனை அந்த வழியாகத்தான் வரும். காலரை மடித்து முடித்ததும், "வீடு தனியா வந்தா மறுபடி எட்டு வருஷம் ஆக்கும்," என்றான். "வெங்காயம், கோழின்னு கண்ட எடத்துல நிக்கும். நீ பிள்ளையோட பஸ்ஸுல போ. நான் உள்ள இருந்து ஓட்டிட்டு வாரேன்."

சதுர்த்தி கழிந்த திங்கட்கிழமை காலை, மாரிக்கனி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றாள். வீடு ஒரு அடி முன்னால் வந்தது. பிறகு ஒரு அடி பின்னால் போனது. மறுபடி முன்னால் சாய்ந்து, ஓடுகள் கடகடவென்று நடுங்க, கியர் விழாத லாரி மாதிரி அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. பரணிலிருந்த கோழி குஞ்சுகளோடு இறங்கி வெளியே வந்துவிட்டது.

மாரிக்கனி ஜாடிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். நேற்று மேல்விளிம்பு வரை இருந்த உப்பு பாதிக்குக் கீழே கிடந்தது.

"யாரு எடுத்தது?"

குழாயடியில் நின்ற பெண்கள், மாரிக்கனி வாயாலேயே உப்புக் கதையைக் கேட்டவர்கள்தான், குடத்தையும் வானத்தையும் பார்த்தார்கள்.

"நான் ஒரு கையளவு எடுத்தேனுங்," என்றாள் தெய்வாத்தாள் கடைசியில். "பொய் சொல்லி என்ன பண்றது. வீடு வந்ததுல இருந்து என்ற லைன்ல ஒருத்தரும் காலி பண்ணலை. போயிட்டா என்ன பண்றதுன்னு எடுத்து, பயந்துட்டு ரசத்துல போட்டுட்டேன்."

"நான் ஒரு ஸ்பூன்," என்றாள் ஒருத்தி. "நான் மடியில ரெண்டு கல்லு," என்றாள் இன்னொருத்தி, எடுத்துக் காட்டினாள். வளர்மதி தன் வீட்டுக்குள் போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து டம்ளர் நிறைய உப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அடி உப்பு, பழுப்பு நிறத்தில், சின்னக்கரிசல் உப்பு.

"வளரு, நான் அந்தக் கம்பெனியில வாக்குக் குடுத்திருக்கேன். வீடு வரலைன்னா எனக்கு அங்க வேலை நிக்காது, தெரியும்ல?"

"தெரியும்க்கா. வீடு போயிட்டா எனக்கு இங்க வேலை நிக்காது, அதுவும் உனக்குத் தெரியும்ல?" வளர்மதியின் குரல் சண்டைக் குரல் இல்லை, விலை சொல்கிற குரல். "பிள்ளைய மடியில வச்சுக்கிட்டே செய்யிற வேலை எனக்கு இது ஒண்ணுதான் வந்துச்சு."

ஒரு மாதமாகத் தன் மனசுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போட்டு நிறுத்துக்கொண்டிருந்த கணக்கு, இப்போது புதுப் புடவை கட்டி எதிரே நிற்கிற மாதிரி மாரிக்கனிக்கு இருந்தது. ரோட்டில் பஸ் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவள் வீட்டைப் பார்த்தாள், அதுவும் இன்னும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. பாவம், ஒரு வீடு எத்தனை வேலைக்குத்தான் போகும்.

"உன் ஜாடிய எடுத்துட்டு வா," என்றாள்.

டம்ளர் உப்பைத் தன் ஜாடியில் கொட்டி, அடியிலிருந்து மேல்வரை கையால் நன்றாகக் கலந்து, பாதியை வளர்மதியின் ஜாடிக்குள் சரித்தாள். அப்போது மதுரை ஜங்ஷனில் ரயில் பெட்டி கழற்றுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முன்னறை நீலக் கதவோடு அங்கேயே நின்றுவிட, நடுவீடும் அடுப்படியும் நழுவி, ரோட்டைப் பார்த்து நகர்ந்து நின்றன. பிரிந்த இடத்தில் இரண்டு பக்கமும் பூசி மெழுகிய சுவர் இருந்தது, இத்தனை காலமும் அங்கே இருந்து, யாரும் கேட்காததால் சொல்லாமல் விட்ட மாதிரி. அம்புக்குறிச் சுவர் ஊருக்குப் போகும் பாதியோடு வந்துவிட்டது. கோழி இரண்டையும் பார்த்துவிட்டு வளர்மதியின் பக்கம் போனது.

"கதவு எங்க?" என்றான் சௌந்தரபாண்டி, நடுவீட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி.

"அடுப்படிக் கதவு இருக்குல்ல, அதான் இனிமே வாசல். இந்தத் தடவை ரெண்டு டப்பா சாயம் வாங்குங்க."

மாரிக்கனி பஸ்ஸில் தர்ஷிகாவையும் ஜாடியையும் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். மறுநாளே லைனுக்கு முன்னால் போய் நின்றாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஜெபராஜ் வேலிக்கருவையை வெட்டி, அவள் சொன்னதைவிட ஒரு முழம் கூடவே இடம் விட்டிருந்தான். வீடு மட்டும் வரவில்லை.

அவள் அந்த இடத்தின் நடுவில் ஜாடியை வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, சுற்றி உடைந்த ஓட்டுத் துண்டுகளால் கோடு போட்டாள். இது சுவர், இது அடுப்படி, இது வாசல். "வீடு வந்துகிட்டு இருக்கு," என்று பெண்களிடம் சொன்னாள். "வர்ற வரைக்கும் பிள்ளைகளை உள்ள விடுங்க. பொன்னுத்தாய் பாத்துப்பா." பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு, நிலை இடிக்கும் என்று தலையைக் குனிந்து, பிள்ளையை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தே போனார்கள்.

டீ நேரத்தில் சௌந்தரபாண்டியின் ஃபோன் வரும். மாரிக்கனி அதை ஸ்பீக்கரில் போட, லைன் முழுக்கக் காதை நீட்டும்.

"தாராபுரத்துல இருக்கேன்."

"நேத்தும் தாராபுரத்துலதான இருந்தீங்க?"

"முகூர்த்தம் புள்ள. அம்பு போட்ட சுவரைப் பாத்துட்டு மண்டபத்துக்குப் போறவங்க எல்லாம் இங்க வந்து ஏறுறாங்க. வந்தவங்க பட்டுச் சட்டையெல்லாம் பஸ்ஸுல கசங்கிக் கெடக்கு. சும்மா அனுப்ப மனசு வரலை, தேச்சுக் குடுத்தேன். இப்ப மாப்பிள்ளை வீட்டுல இருந்தே ஆள் அனுப்பியிருக்காங்க."

அடுத்த தடவை ஒட்டன்சத்திரம். அதற்கடுத்து திண்டுக்கல், மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. "வீடு நிக்கல, நான்தான் நிறுத்துறேன்," என்று அவனே ஒப்புக்கொண்டான், குரலில் அப்படி ஒரு தெம்பு. "ஏ புள்ள, நம்மூரைச் சுத்தி எத்தனை மண்டபம் இருக்கு, எண்ணிப் பாத்தியா? வெயில் துணியத்தான் காய வைக்கும். மடிப்பு வைக்குமா?"

"மடிப்பு அப்புறம் வைங்க. வெள்ளிக்கிழமை ஓனர் வாராராம். அதுக்குள்ள வந்து சேருங்க," என்றாள் மாரிக்கனி. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஃபோனை வைத்ததும் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஓனர் வந்தார். ஜெபராஜ் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தான். பன்னிரண்டு மணி ஆனது. மாரிக்கனி லைனைப் பார்த்தாள். ஒருத்தி நிமிர்ந்து, ஜன்னல் வழியாகத் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து தைத்தாள். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, லைனைப் பார்த்து, ஜெபராஜிடம், "வீடு ஒண்ணு வருதுன்னியே, எங்க?" என்று கேட்டார்.

வெளியே தார்ப்பாய்க்கடியில் ஒரு தவழ்கிற குழந்தை, பொன்னுத்தாய் மறுபக்கம் சோறு பிசைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, ரோட்டை நோக்கி விறுவிறுவென்று போனது. ஓட்டுத் துண்டுக் கோடு வந்ததும் நின்றது. கையைத் தூக்கி, அங்கே இல்லாத வாசற்படியைத் தடவிப் பார்த்தது. அது எட்டாத உயரத்தில் இருந்திருக்க வேண்டும், உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பி உள்ளே போனது.

அதே நேரம், மேற்கே கரிசல் காட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றில், ஜன்னல் வழியாகச் சின்ன வெங்காய வாசம் வந்தது, பின்னாலேயே கொஞ்சம் சூடான இஸ்திரி வாசமும்.

மாரிக்கனி கத்திரிக்கோலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ஜன்னலுக்கு வந்து குரல் கொடுத்தாள்.

"தாயி பொன்னுத்தாய், பால் காய்ச்சணும், வாங்கி வச்சிரு. அரை லிட்டர் பத்தாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகணும். அப்படியே கடையில புது உப்பு ஒரு பாக்கெட்."